கம்பியில் அமர்ந்திருப்பது எது?

மெர்சிங் படகுத்துறைக்கு வருபவர்கள் காத்திருக்கப் பழகியவர்கள். ஆற்றின் முகத்துவாரம் ஆழம் குறைந்தது. கடல்நீர் ஏறினால்தான் தியோமான் தீவுக்குச் செல்லும் பெரிய படகுகள் அதைத் தாண்டி வெளியேற முடியும். ஆதலால் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். சிலர் பயணப் பைமீது அமர்ந்து திறன்பேசியைப் பார்ப்பார்கள். சிலர் தே தாரேக் வாங்கிக்கொண்டு மீன்பிடிப் படகுகளை வேடிக்கை பார்ப்பார்கள். தலைக்கு மேலே மின்கம்பியில் சிறிய பறவைகள் சில அமர்ந்திருக்கும். "அது என்ன பறவை?" என்று பிள்ளை கேட்டால், பெரியவரிடமிருந்து வரும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: "குருவி."

இந்த விடையைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால், அது கேள்வியை அங்கேயே முடித்துவிடுகிறது. மீன் சந்தையில் எவரும் 'மீன்' என்று கேட்டு வாங்குவதில்லை. கெம்போங், தெங்கிரி, பாவால் என்று பெயர் சொல்லித்தான் கேட்கிறார்கள். மெர்சிங் மீனவர் வீட்டுப் பிள்ளை ஐந்து வயதிலேயே பத்து மீன்களைப் பெயர் சொல்லிப் பிரித்துவிடும். அதே பிள்ளைக்கு ஆற்றங்கரையில் திரியும் பத்துப் பறவைகளின் பெயர் தெரிவதில்லை. கண் கூர்மையில் குறையில்லை; மீனைப் பிரித்துப் பார்க்க வீட்டில் கற்றுக்கொடுத்தார்கள், பறவையைப் பிரித்துப் பார்க்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மாணவர்கள் தங்கள் ஊர்ப் பறவைகளைக் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்லக் கற்க வேண்டும் என்பதும், அந்த வேலையை முழுமையாகத் திறன்பேசியிடம் ஒப்படைத்துவிடக் கூடாது என்பதும் வலியுறுத்திச் சொல்லத்தக்க கருத்துகள்.

கம்பியில் அமர்ந்திருக்கும் அந்தப் பறவையிலிருந்தே தொடங்கலாம். மெர்சிங் போன்ற கடற்கரை ஊர்களில் வானில் வட்டமிடும் சிறு பறவைகளைப் பலரும் 'லாயாங்-லாயாங்' என்று ஒரே பெயரால் அழைத்துவிடுகின்றனர். ஜொகூரில் அப்பெயரில் ஓர் ஊரே உண்டு. உண்மையில் அங்கே பறப்பவை இரண்டு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்று தகைவிலான், மற்றொன்று உழவாரன். மலாய்க்காரர்கள் 'வாலிட்' என்று சொல்லும், உமிழ்நீரால் கூடு கட்டும் பறவை உழவாரன் குடும்பத்தைச் சேர்ந்தது. தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டும் பறந்தபடியே பூச்சிகளைப் பிடித்து உண்ணும். ஆனால், உழவாரனின் கால்கள் குட்டையானவை. அதன் நகங்கள் சுவரையும் பாறையையும் பற்றித் தொங்குவதற்கே ஏற்றவை. அதனால் கம்பியில் அமர முடியாது. ஆகவே, கம்பியில் ஒரு பறவை அமர்ந்திருந்தால் அது வாலிட் அன்று என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். தொலைநோக்கி வேண்டியதில்லை. அது அமர்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

அடுத்த படி சற்று நுட்பமானது. கம்பியில் இருப்பது தகைவிலான் என்றால், எந்தத் தகைவிலான்? தீபகற்ப மலேசியாவின் கடற்கரையில் எளிதில் காணக்கூடியவை இரண்டு. ஒன்று ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்வது. பாலங்களுக்கும் படகுத்துறைகளுக்கும் அடியில் சேற்றைக் குழைத்துக் கிண்ணம்போல் கூடு கட்டுவது. மற்றொன்று வட ஆசியாவின் குளிருக்கு அஞ்சி ஆண்டின் பிற்பாதியில் இங்கு வந்து, வசந்தத்தில் திரும்பிச் செல்லும் விருந்தாளி. விருந்தாளியின் வயிறு வெண்மையாக இருக்கும். தொண்டைக்குக் கீழே கருநீலப் பட்டை ஒன்று மார்புக்குக் குறுக்கே ஓடும். உள்ளூர்ப் பறவைக்கு அந்தப் பட்டை இல்லை. அதன் வயிறும் சாம்பல் படிந்ததுபோல் மங்கியிருக்கும். வெளிநாட்டுப் புத்தகங்கள் வால் நீளத்தைப் பார்க்கச் சொல்லும். ஆனால், இங்கு வரும் காலத்தில் பல பறவைகள் இறகு உதிர்த்துக் கொண்டிருப்பதால் வாலை நம்ப முடியாது. மார்புப் பட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிள்ளைக்குக் காத்திருக்கும் ஒரு மணி நேரம் வேறாகிவிடுகிறது. தலைக்கு மேலே ஓர் உள்ளூர்வாசியும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்த பயணியும் அருகருகே அமர்ந்திருப்பது அதற்குத் தெரிகிறது. தகைவு என்ற சொல்லுக்கு இளைப்பு என்றொரு பொருள் உண்டு. இளைக்காமல் பறப்பது என்ற பொருளில் அமைந்த பெயர் என்று கொண்டால், தமிழில் பெயர் வைத்தவர் அப்பறவையை எவ்வளவு நேரம் நின்று பார்த்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது. உழவாரன் என்ற பெயரும் அப்படித்தான். கோயிலில் உழவாரப் பணி செய்தவர்களுக்கு அந்தக் கருவியின் வளைவு நினைவுக்கு வரும். வானில் விரிந்த அச்சிறகும் அதே வளைவு.

இவ்வாறு அடையாளங்களைப் பிரித்துப் பார்க்கும் முறை நீண்ட காலத்திற்கு முன்பே பரவிவிட்டதன்று. பறவையைச் சுட்டுக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் அறிஞர்கள் முன்பு இனம் பிரித்தார்கள். உயிரோடு பறக்கும் பறவையைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணும் வழியைப் பொதுமக்களுக்குக் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ரோஜர் டோரி பீட்டர்சன். அவர் 1934இல் வெளியிட்ட கையேட்டில், ஒத்த பறவைகளை ஒரே பக்கத்தில் ஒரே நிலையில் வரைந்து, வேறுபடும் இடத்தைச் சிறு கோட்டால் சுட்டிக் காட்டினார். இந்தியாவில் 1941இல் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் வந்தது. தீபகற்ப மலேசியாவிற்கும் சிங்கப்பூருக்கும் 1999இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் ஒரு விரிவான கையேட்டை வெளியிட்டது. அதை எழுதியவர் ஆலன் ஜெயராஜசிங்கம். படங்களை வரைந்தவர் ஆலன் பியர்சன். 2012இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட பறவை இனங்களைக் கூறும் அந்நூல், இந்நாட்டில் பறவை பார்ப்போர் பலருடைய பைகளில் இருந்த நூல். அதன் அட்டையில் ஒரு தமிழ்ப் பெயர் இருப்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

ஒளிப்படம் எடுப்பது இவ்வளவு எளிதாகிவிட்ட பின்னும் கையேடுகளில் ஓவியங்களே ஏன் இடம்பெறுகின்றன என்று கேட்கலாம். ஒளிப்படம் ஒரு பறவையை, ஒரு வெயிலில், ஒரு நொடியில் காட்டுகிறது. ஓவியமோ அந்த இனத்துப் பறவைகள் பலவற்றைப் பார்த்தவரின் அறிவைக் காட்டுகிறது. எது எல்லாவற்றிலும் இருக்கும், எது தற்செயல் என்பதை ஓவியர் முன்பே பிரித்துவிட்டிருப்பார். மேலும், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டும் ஒரே நிலையில் நிற்க வேண்டும். காட்டுப் பறவைகள் அந்த உதவியைச் செய்வதில்லை.

இன்றைய மாணவர் இதைப் படித்துப் புன்னகைக்கலாம். திறன்பேசியைக் குரல் வரும் திசையில் நீட்டினால் பறவையின் பெயரைச் சொல்லும் செயலிகள் இருக்கும்போது, பட்டையையும் வயிற்றையும் யார் பார்த்துக்கொண்டிருப்பது? இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. செயலிகளால்தான் இளைஞர் பலர் பறவைகளின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் கூடமும் அவுடபோன் சங்கமும் 2002இல் தொடங்கிய 'ஈபேர்ட்' என்னும் இணையப் பதிவேட்டில், உலகெங்கும் உள்ள சாதாரண மனிதர்கள் தாங்கள் கண்ட பறவைகளை நாள்தோறும் பதிவு செய்கின்றனர். ஒரு நிறுவனம் தனியாக எத்தனை ஆய்வாளர்களை அனுப்பினாலும் திரட்ட முடியாத செய்தி அது.

ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. செயலி விடையைத் தருகிறது. கையேடு பார்க்கச் சொல்கிறது. செயலி சொன்ன பெயரைச் சரிபார்க்கத் தெரியாதவர், அது தவறாகச் சொன்னாலும் நன்றி சொல்லிவிட்டுப் போவார். அப்படிப்பட்ட பதிவுகள் சேரச் சேரப் பதிவேட்டின் மதிப்பும் குறையும். வாலிட் பறவைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றுள் சில இனங்களை, பறக்கும்போது பார்த்து உறுதியாகப் பிரிக்க முடியாது என்று அனுபவம் மிக்கவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அத்தகைய நேரத்தில் நல்ல பார்வையாளர் 'உழவாரன் வகை, இனம் உறுதியில்லை' என்றே எழுதுவார். தெரியாததைத் தெரியாது என்று எழுதும் துணிவு, பார்க்கப் பழகியவருக்குத்தான் வரும். கணக்குத் தேர்வில் விடையை மட்டும் எழுதினால் ஆசிரியர் வழிமுறையைக் கேட்கிறார். பறவை விஷயத்தில் மட்டும் வழிமுறை வேண்டாம் என்று விட்டுவிட முடியுமா?

செயலியால் விளையும் இன்னொரு தொல்லை பலருக்குத் தெரிவதில்லை. பதிவு செய்யப்பட்ட குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அருகே வரவழைப்பது இப்போது சிறுவருக்கும் எளிது. கூடு கட்டும் காலத்தில் இவ்வாறு செய்தால், தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி அப்பறவை அலையும். இரை தேடுவதையும் குஞ்சைக் காப்பதையும் விட்டுவிடும். ஒரு படத்திற்காக இதைச் செய்வது முறையன்று.

பெயர் தெரிவதால் என்ன பயன் என்று கேட்போருக்குப் 'பாராவ்-பாராவ்' என்னும் பறவையின் கதையைச் சொல்ல வேண்டும். அது சின்னான் குடும்பத்தைச் சேர்ந்தது. மைனாவைவிடச் சற்றுப் பெரியது. தலை வைக்கோல் நிறம், முகத்தில் கருங்கோடு. 'வைக்கோல்தலைச் சின்னான்' என்று தமிழில் சொன்னால் பொருந்தும். ஆற்றோர மரங்களில் இணையாக அமர்ந்து மாறிமாறிப் பாடும் அதன் குரலுக்கு ஈடு சொல்வது கடினம். ஒரு காலத்தில் தீபகற்பத்தின் ஆற்றங்கரைகளில் பரவலாகக் கேட்ட குரல் அது. அந்தக் குரலே அதற்கு எதிரியாயிற்று. கூண்டுப் பறவை வணிகத்திற்காக அதை இடைவிடாமல் பிடித்தார்கள். தாய்லாந்திலும் ஜாவாவிலும் அது அற்றுப்போய்விட்டதாகக் கருதப்படுகிறது. 2018இல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. 2022இல் பனாமாவில் கூடிய நாடுகள் அதன் வணிகத்திற்கு மிகக் கடுமையான தடை விதித்தன. அதற்கான முன்மொழிவை வைத்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று.

பாராவ்-பாராவின் குரலை மிக நன்றாக அறிந்திருந்தவர்கள் யார்? அதைப் பிடித்து விற்றவர்கள்தாம். எந்த ஆற்று வளைவில், எந்த நேரத்தில், எந்த இணை பாடும் என்பது அவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது மரத்தில் கத்தும் ஏதோ ஒரு குருவி. இன்று பத்து இணை, அடுத்த ஆண்டு ஆறு, அதற்கடுத்த ஆண்டு ஒன்று என்று எண்ணி வைக்க ஆளில்லாத இடங்களில், கடைசிப் பறவை போன நாளும் யாருக்கும் தெரியாது. சிங்கப்பூரில் நடந்தது வேறு. அங்குள்ள இயற்கைக் கழகத்தின் ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகப் பறவைகளை எண்ணிக் குறித்து வந்தார்கள். அந்தக் கணக்கைக் கொண்டுதான், அச்சிறு நாட்டில் ஏறத்தாழ 200 பறவைகள் இருப்பதும், புலாவ் உபின் தீவில் அவை பெருகி வருவதும் உலகுக்குத் தெரிய வந்தன. எண்ணியவர்களில் பலர் விஞ்ஞானிகள் அல்லர். வார இறுதியில் கையேட்டோடும் குறிப்பேட்டோடும் போனவர்கள். மலேசியாவிலும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தப் பெர்ஹிலித்தான் இருக்கிறது. ஆயினும், ஒரு கூண்டில் இருப்பது பாராவ்-பாராவா, பாதுகாப்பு இல்லாத வேறு பறவையா என்று தெரியாத ஊராரால் அந்தச் சட்டத்திற்கு என்ன உதவி செய்ய முடியும்?

இங்கே தமிழுக்கு என்று ஒரு சிக்கலும் உண்டு. தமிழில் பறவைப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. சங்கப் பாடல்களில் வரும் பறவைகளைப் பற்றிப் பி.எல்.சாமி தனி நூலே எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுப் பறவைகளின் பெயர்களை ஊர் ஊராகத் தேடித் தொகுத்தவர் க.ரத்னம். ஆனால், அவை பெரும்பாலும் அந்த நிலத்துப் பறவைகள். எண்டாவ் ரொம்பின் காட்டில் பறக்கும் இருவாச்சிகள் பல வகை. மலாய்மொழி ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறது. தமிழ் பேசுவோர் எல்லாவற்றையும் 'இருவாச்சி' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இருக்கும் பெயர்களிலும் குழப்பம் உண்டு. 'கோட்டான்' என்றால் பலருக்கு ஆந்தை நினைவுக்கு வரும். பறவை நூல்களிலோ, வளைந்த நீண்ட அலகால் கடற்கரைச் சேற்றைக் கிளறும் பறவைக்கும் கோட்டான் என்றே பெயர். குயிலைப் பற்றிய எண்ணம் இன்னும் வேடிக்கையானது. இனிமையாகப் பாடும் பெண்ணைக் குயிலோடு ஒப்பிடுவது வழக்கம். மரத்தில் மறைந்திருந்து நீட்டிக் கூவுவது கருநிற ஆண் குயில்தான். புள்ளிகள் நிறைந்த பெண் குயிலின் குரல் கீச்சிட்டு உடைந்து ஒலிக்கும். உவமையை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பாடுவது யார் என்று பார்த்துத் தெரிந்துகொள்வதில் தவறொன்றும் இல்லையே!

பெயர் இல்லாத இடத்தில் மாணவர்கள் மலாய்ப் பெயரையே எழுதலாம். கூடவே, கண்ட அடையாளத்தைக் கொண்டு ஒரு தமிழ்ப் பெயரையும் முயன்று பார்க்கலாம். தகைவிலானுக்கும் உழவாரனுக்கும் பெயர் வைத்தவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

மெர்சிங் மாணவர்களுக்கு இதற்கான வாய்ப்பு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. நீர் வற்றும்போது ஆற்று முகத்தில் தெரியும் சேற்றுத் திட்டுகளைப் பலர் அழுக்கு நிலம் என்று கருதுகிறார்கள். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை அத்தகைய சேற்றை நம்பித்தான் உள்ளான்களும் கோட்டான்களும் வடக்கிலிருந்து இந்நாட்டின் கரைகளுக்கு வருகின்றன. கிழக்கு ஆசியாவையும் ஆஸ்திரேலியாவையும் இணைக்கும் வான்வழி அது. அதன் வலிமையை அறிய ஒரு செய்தி போதும். 2022 அக்டோபரில், பிறந்து ஏறத்தாழ ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் ஒன்று, அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாள்களில் எங்கும் இறங்காமல் கடந்தது. எல்லாப் பறவைகளும் அப்படிப் பறப்பதில்லை. பெரும்பாலானவை வழியில் இறங்கி உண்டு கொழுத்துத்தான் மேலே செல்கின்றன. வழியில் இருந்த சேறு கட்டடமாகிவிட்டால் அவற்றுக்கு வேறு வழியில்லை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து படகுகள் மீண்டும் ஓடத் தொடங்கும்போது தீவுப் பக்கம் மற்றொரு கதை தொடங்குகிறது. கடலில் நிற்கும் மொட்டைப் பாறைகளில் ஆலாக்கள் முட்டையிடும் காலமும் சுற்றுப்பயணிகள் பெருகும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. ஆலா கூடு கட்டுவதில்லை. பாறையின் பள்ளத்தில் அப்படியே முட்டையிடும். படகு நெருங்கினாலோ ஆட்கள் பாறையில் ஏறினாலோ தாய்ப் பறவைகள் கூட்டமாக எழுந்து கத்தும். பயணிகளுக்கு அது அழகிய காட்சி, படமெடுப்பார்கள். அந்த நேரம் முழுவதும் முட்டைகள் சுடும் வெயிலில் கிடக்கும். அவை ஆலாக்கள் என்றும், அவை எழுந்து கத்துவது வரவேற்பு அன்று என்றும் அறிந்த ஒரு படகோட்டி, நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளியே இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துவிடுவார். அதற்குத் தனிச் சட்டமோ கூடுதல் செலவோ தேவையில்லை.

எஸ்.பி.எம். தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவருக்கு இதற்கெல்லாம் நேரமேது என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால், பறவை பார்ப்பதற்குக் காட்டுக்குள் போய் முகாமிட வேண்டியதில்லை. விலை உயர்ந்த படக்கருவியும் வேண்டியதில்லை. சொல்லப்போனால், பெரிய படக்கருவி உடையவர்களுள் சிலர் பறவையைவிடத் தங்கள் படத்தையே அதிகம் பார்க்கிறார்கள். வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், அரை மணி நேரம் போதும். ஒரே இடத்தில் பார்ப்பதுதான் முக்கியம். அப்போதுதான் சென்ற மாதம் இருந்தது இந்த மாதம் இல்லை என்பது தெரியும். ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைகளை எண்ணும் பணி நடைபெறுகிறது. 1987இல் தொடங்கிய அப்பணியில் மலேசியாவும் பங்கு பெறுகிறது. 1940 முதல் இயங்கிவரும் மலேசிய இயற்கைக் கழகத்தினர் அதில் ஈடுபடுகின்றனர். பள்ளியின் புறப்பாட நடவடிக்கையாக அதில் சேர்ந்துகொள்ள விரும்பும் ஆசிரியருக்கு வழி திறந்தே இருக்கிறது.

குறிப்பேட்டின் ஒரு பக்கம் எப்படி இருக்கும்? மேலே நாள், நேரம், நீர் ஏற்றமா வற்றமா என்ற குறிப்பு. கீழே: மின்கம்பியில் தகைவிலான் 14, அவற்றில் மார்புப் பட்டை தெரிந்தவை 9, தெரியாதவை 3, முதுகைக் காட்டி அமர்ந்தவை 2. சேற்றில் உள்ளான் 4. வாலை இடைவிடாமல் ஆட்டின. செம்பருந்து 2, மீன்பிடிப் படகுகளின்மேல். வானில் உழவாரன் வகை, ஏறத்தாழ 30, இனம் உறுதியில்லை. எட்டு மணி ஐம்பது நிமிடத்திற்குப் படகுக்கு அழைத்தார்கள். எண்ணுவது அத்துடன் நின்றது.